சாப்பாட்டு ஹாலின் ஆறு ஜன்னல்கள்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருமல் தும்மல் இல்லாமல் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும். பெருந்தொற்று வந்ததிலிருந்து இந்த வரியைப் பயந்து பயந்துதான் எழுதி வந்தேன், இன்றைக்கு மனசு நிறைந்து எழுதுகிறேன். நம் லாட்ஜ் திறந்துவிட்டது, சாப்பாட்டு ஹாலும் சேர்த்துத்தான்.

போனில் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. சொன்னால், வித்துட்டு இங்க வந்துடுங்கம்மா என்று மறுபடி ஆரம்பிப்பாய். அறைகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் சாப்பாடு இல்லாத லாட்ஜுக்கு யார் வருவார்கள்? சீசனுக்குள் ஹால் திறக்காவிட்டால் கட்டடத்தைக் குடோனுக்குக் கொடுத்துவிடுவதாக அப்பா ஓர் இரும்பு வியாபாரியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆய்வுக்கு வந்த சுகாதார அதிகாரிக்கு உன் வயசுதான் இருக்கும். மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்ததையும் வாசலில் கை கழுவ வசதி செய்திருந்ததையும் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு, ஏசியை மட்டும் நம்பி ஆளுங்கள உட்கார வைக்க முடியாதுங்க, ஜன்னலைத் திறங்க என்றாள். அப்பா கெத்தாகப் போய் இழுத்தார், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டார். ஈரத்தில் தூசு ஒட்டக் கூடாது என்று இறுக்கச் சாத்திவிட்டுத்தான் அடிப்பார். ஏசி வந்தபின் திறக்க யாருக்கும் தோன்றவில்லை, பூச்சுமேல் பூச்சேறி ஆறும் சுவரோடு சுவராகிவிட்டன. இது திறந்தா கூப்பிடுங்க, இல்லன்னா ஹால் கிடையாது என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அப்பா அப்படியே நாற்காலியில் சாய்ந்து, விடு, குடோனாவே போகட்டும் என்றார். எனக்கு வந்ததே கோபம். உங்க கைவண்ணத்துக்கு நான் லாட்ஜைப் பறிகொடுக்கணுமா என்று கேட்டுவிட்டு சமையல் மாஸ்டருக்குப் போன் போட்டேன். வேலை நின்றதிலிருந்து சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், வண்டியை நம் வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தன் கத்திகளோடு வந்து நின்றார். நம் துணிகளை வெளுக்கும் அக்காவும் வந்தாள். கத்தி, உளி, கரண்டிக் காம்பு என்று கைக்குக் கிடைத்ததை வைத்துச் சுரண்டினோம். ஐந்து வழிக்கு வந்தன, தெருப்பக்கத்து ஜன்னல் மட்டும் அடம் பிடித்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா எழுந்து வந்து தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினார். படாரென்று திறந்து பெயிண்ட் சில்லெல்லாம் அவர் தலையில் கொட்டியது. காற்று வந்தது பார், மேசை விரிப்புகளெல்லாம் எழுந்துவிட்டன. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசு விழுந்துவிட்டதாம்.

அந்த அதிகாரிப் பெண் மறுபடி வந்து, காற்றோட்டம் பார்க்க ஒரு காகிதத் துண்டை நூலில் கட்டி ஹால் நடுவில் தொங்கவிட்டாள். அது போட்ட ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். திறந்த அன்றைக்கு வாசலைத் தாண்டி வரிசை நின்றது. கட்டடம் பார்க்க வந்த இரும்பு வியாபாரியையும் கை கழுவ வைத்து வரிசையில் நிறுத்தினேன். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் குடும்பத்தோட வரேன், இதே ஜன்னலோர மேசை வேணும் என்றார். சீசன் நேரம், முன்னாடியே சொல்லிடுங்க என்று அப்பா சொன்னார். அந்த மிடுக்கான குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாஸ்டரும் வேலைக்குத் திரும்பிவிட்டார். நீ வேளைக்குச் சாப்பிடு, பேரனுக்குச் சளி என்றாயே, அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்காதே, கொஞ்சம் காற்று வரட்டும். எங்களை அங்கே கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். இப்போது நான் கூப்பிடுகிறேன், விடுமுறைக்கு மூன்று பேரும் வந்து சேருங்கள். மாடியில் உன் அறை ஜன்னலையும் அப்பா தன் கையாலேயே சுரண்டித் திறந்து வைத்திருக்கிறார்.

எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழுங்கள். வரும் தேதியை மறக்காமல் சொல், சீசன் நேரம்.

இப்படிக்கு,
பெயிண்ட் பிரஷ்ஷை ஒளித்து வைத்திருக்கும்
உன் அம்மா