சாமை இங்கேயே இருக்கட்டும்

அன்புள்ள மருமகளே,

என் மகன் வருடாவருடம் நடந்த நெல்லிவாசல் மலைப்பாதையில் இந்த முறை நீ நடக்கப்போவது நல்லதுதான். நம் நாய் சாமையையும் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தாய். அவனோடு எத்தனையோ முறை நடந்த நாய்தான். போன வருடம் மட்டும் அதை என்னிடம் விட்டுப்போனான். இன்னும் அவனுக்காகக் காத்திருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நேற்று அமிர்தி பஸ்ஸிலிருந்து முதுகுப்பையோடு ஒருவர் இறங்கினார். சாமை அவர் ஷூவை மோந்துவிட்டு, பஸ்ஸுக்குள் ஏறித் தேடியது. "இன்னா டீச்சர், இதுக்கும் டிக்கெட் போடட்டா?" என்று கண்டக்டர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

கூட்டிப்போனால், அவன் உட்கார்ந்த பாறையிலெல்லாம் அது உட்கார்ந்துவிடும். நீ அழுதுவிட்டு எழுந்து நடப்பாய். அதைக் கயிறு கட்டி இழுத்துவர உன்னால் முடியாதம்மா.

நீ போய்விட்டு வா. மலைக்குப் போன ஒருவராவது திரும்பி வருவதை அது பார்க்கட்டும்.

உன் மாமியார்