மீன் தொட்டியும் ஒரு முயல்குட்டியும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒருவர் விடாமல் எல்லாப் பெற்றோரையும் சத்தமில்லாமல் வழியனுப்பி வைத்தேன். ஒரு குழந்தைகூட அழவில்லை!

காப்பகத்தில் சின்னவர்கள் அறை என்னுடையது. எல்லாம் இரண்டு, இரண்டரை வயது வாண்டுகள். காலையில் அம்மாவோ அப்பாவோ விட்டுவிட்டுப் போகிற நேரம்தான் ரகளை. அங்கேதான் என் திறமை. குழந்தையை வாங்கி நேராக மீன் தொட்டிப் பக்கம் திருப்பிவிடுவேன். "ஐயையோ, அந்தச் சிவப்பு மீனு எங்க போச்சு? ஒளிஞ்சுக்கிச்சா?" குழந்தை தேடும். நான் முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டுவேன். பெற்றவர் நைஸாக நழுவிவிடுவார். துணிக்கடையில் எட்டு வருடம் நின்றவளுக்கு இதெல்லாம் ஜுஜுபி. சாயம் போன ஓரமும் கிழிசலும் கண்ணில் படாதபடி எத்தனை பேருக்குப் பேச்சுக் கொடுத்திருப்பேன்!

சமையல்காரக்கா எனக்கு "மாயக்காரி" என்று பெயர் வைத்திருக்கிறார். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருக்கிறது.

கடை முதலாளி மறுபடி போன் செய்தார். "உன் இடம் காலியாத்தாம்மா இருக்கு." மாதக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். வந்து இரண்டு மாதம்தானே ஆகிறது. இந்த வேலை எனக்கு ஒட்டுமா ஒட்டாதா என்று இன்னும் தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

முயல்குட்டி மறுபடியும் கடித்துவிட்டாள்.

முன்பல் இரண்டும் கொஞ்சம் பெரிது, அதனால் அந்தப் பெயர். மற்றபடி தங்கம். இன்று கதவருகே பொம்மைக் காரோடு நின்றிருந்த பையனின் கன்னத்தில் பல் பதிந்துவிட்டது. அவன் அம்மா வந்து ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளையின் கன்னம் அல்லவா.

சாயங்காலம் காப்பகத்தை நடத்தும் மேடம் முயல்குட்டியின் அப்பாவை அறைக்குக் கூப்பிட்டார். நானும் நின்றேன். "இன்னொரு தடவை யார் தோல்லயாவது பல்லு பட்டுச்சுன்னா, நீங்க வேற இடம் பார்த்துக்கணும். எனக்கு வேற வழியில்லை."

அவர் பஸ் ஓட்டுநர். அவ்வளவு பெரிய ஸ்டியரிங்கைத் திருப்புகிற கைகள், எங்கே வைப்பதென்று தெரியாமல் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தன. "ஏற்கெனவே ரெண்டு இடத்துல அனுப்பிட்டாங்க மேடம். அவ அம்மா நைட் டியூட்டி நர்ஸ். காலையில வந்து கட்டையா விழுந்துடுவா. இதுவும் இல்லைன்னா நான் வண்டியைத்தான் விடணும்."

வீட்டுக்கு வந்தும் அந்தத் தொப்பி கண்ணிலேயே நிற்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

அவளுக்கு நிழல் மாதிரி பின்னாலேயே திரிகிறேன். கடி இல்லை. எனக்கு முதுகுவலி உண்டு.

மார்ச் 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்தே விட்டேன்! எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, போகட்டும்.

முதலிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் வெளியூரில் வயரிங் வேலை என்று சொல்லியிருந்தார். மத்தியானம்தான் கிளம்புவார் என்று நினைத்திருந்தேன். காலையில் எழுந்தால் ஆளைக் காணோம், பையைக் காணோம். போன் போட்டால், "நல்லாத் தூங்கிட்டு இருந்தே, எழுப்ப மனசு வரலை"யாம். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்கு வந்ததே கோபம்! சொல்லிட்டுப் போனா என்ன, குறைஞ்சா போயிடுவாரு?

காப்பகத்துக்குப் போயும் அடங்கவில்லை. பால் சூடாக இருக்கிறதென்று சமையல்காரக்கா மேல் வள்ளென்று விழுந்தேன். அவர் கரண்டியை ஓங்கிக்கொண்டு, "என்னடி, உனக்கும் பல்லு ஊறுதா? போ, நீயும் போய் யாரையாவது கடி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் நானே மீன் தொட்டிப் பக்கத்தில் விட்டு வந்த முயல்குட்டி, மீனைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நின்ற மிதியடி விரிப்பில் இப்போது வேறொரு குழந்தை நிற்கிறது. விறுவிறுவென்று நடந்து போய் வாயைத் திறந்தாள். ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன்.

அதற்கு முன் கடிபட்டவர்களையெல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் அந்த மிதியடியில்தான் நின்றிருக்கிறார்கள். அப்பா இருந்த இடத்தில். திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போகிற அப்பா.

அவரைக் காணாமல் போகச் செய்தது யார்? சாட்சாத் இந்த மாயக்காரி.

மார்ச் 14, வெள்ளி

மேடம் முகத்தைச் சுளித்தார். "அப்பா சொல்லிட்டுப் போனா அழுது ஊரைக் கூட்டுமே?" அழட்டும் மேடம், அழுதால் கடிக்கமாட்டாள் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ! மாதக் கடைசிவரை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

ஓட்டுநரிடமும் பேசினேன். மண்டியிட்டு, முகத்தைப் பார்த்து, எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லவேண்டும். அப்புறம் திரும்பி நடந்துவிடவேண்டும். "அவ அழறதை நான் பார்த்ததே இல்லையேம்மா" என்றார். பார்க்கத்தான் போகிறார்.

மார்ச் 17, திங்கள்

"அப்பா பஸ் ஓட்டப் போறேன். நீ தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வந்துடுவேன்."

அப்பப்பா! கூரை பறந்துவிட்டது. ஒருத்தி அழ, அவளைப் பார்த்து இன்னொருவன் அழ, அறையே ஒப்பாரி. என் தோள் முழுக்க மூக்குச்சளி. ஆனால் யாரையும் கடிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்று அவரே வந்து கேட்டார். "என்னால முடியலம்மா. பஸ்ல உட்கார்ந்தாலும் காதுல அவ அழுகைதான். பழையபடி மீனைக் காட்டிடேன்?"

மேடமும் பார்த்துக்கொண்டிருந்தார். சரின்னு சொல்லிடலாமா? எனக்கு மட்டும் என்ன தெரியும்? நேத்து வரைக்கும் துணி மடிச்சவதானே நான்? பிள்ளையைக் கொடுமைப்படுத்துறேனோ?

ஆனால் அவர் தானாகவே தொப்பியைக் கழற்றினார். மண்டியிட்டார். கண்ணீர் தாடியில் இறங்க இறங்க முழுவதையும் சொன்னார். தூங்கி, எழுந்து, பால் குடித்து, அப்பா. ஒரு சொல்லை முழுங்கவில்லை. நான் அசந்துபோய் நின்றேன். இப்படி ஒரு மனிதருக்காகவாவது இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவேண்டும்.

மார்ச் 24, திங்கள்

அழுகை அவர் தெருமுனை திரும்புவதற்குள் நின்றது! தூங்கி எழுந்ததும் என்னிடம் வந்து, "பாலு?" என்றாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலி டம்ளரோடு கதவுக்கு ஓடினாள். அப்பா நின்றிருந்தார். நான் சமையலறைக்கு ஓடி, அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். குழம்பு தீயுதுடி என்று கத்தினார்.

மார்ச் 26, புதன்

இன்று பிழைத்தது தம்பிரான் புண்ணியம்.

பால் குடித்தாயிற்று. அப்பாவைக் காணோம். பஸ் நடுவழியில் நின்றுவிட்டதாம், போன் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். பொம்மைக் கார் பையன் மட்டும் கிளம்பத் தயாராக மிதியடியில் நின்றான், பக்கத்திலேயே அவன் அம்மா! மேடமும் அங்கேதான். முயல்குட்டி அவனைப் பார்த்தாள். நான் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீன் தொட்டிக்குத் தூக்கிப் போகத்தான் கை போனது, அடக்கிக்கொண்டேன். "அப்பா பஸ்ஸு ரிப்பேர். லேட்டாகும். ஆனா வருவாரு. அதுவரைக்கும் நான் இங்கேயே இருப்பேன்."

என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உதடு துடித்தது. அப்புறம் சரேலென்று என் சட்டைக் கையைப் பல்லால் பற்றி, டர்ர்...

துணியை! தோலை இல்லை!

மேடம் குனிந்து கிழிசலைப் பார்த்தார். என் கையைத் திருப்பிப் பார்த்தார். "தையல் போட்டாச் சரியாயிடும்" என்றார். அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிழிசலை ஒளித்துப் பிழைத்தவள், இன்று அதைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு நடந்து வந்தேன்.

மார்ச் 31, திங்கள்

முயல்குட்டி இங்கேயே இருப்பாள் என்று மேடம் சொல்லிவிட்டார். என்னை மாலை வகுப்பில் சேர்ந்து குழந்தைக் கல்வி படிக்கச் சொன்னார். முப்பத்திமூன்று வயதில் மாணவி! பேனா வாங்கியாயிற்று.

கடைக்கும் போனேன். போனில் நழுவ மனம் வரவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்து, "இனி வரமாட்டேன் சார், சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன். கொஞ்சம் வருத்தம், அப்புறம் டீ.

ஏப்ரல் 7, திங்கள்

புதிதாக ஒரு குழந்தை சேர்ந்திருக்கிறது. அதன் அம்மா என்னிடம் கண்ணைக் காட்டினார். நீ திருப்பு, நான் ஓடிவிடுகிறேன் என்று அர்த்தம். மீன் தொட்டியைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முயல்குட்டி எழுந்து போனாள். மிதியடியில் நின்று அந்த அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள், கையால்தான்.

"சொல்லிட்டுப் போ" என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டார்.