கணக்கெடுப்பு நாளில் வந்த காய்ச்சல்

அன்பு மகளுக்கு,

இங்கே நான், அம்மா, உன் தம்பி மூவரும் உயிரோடு இருக்கிறோம், இப்போதைக்கு நலம் என்றால் அதுதான், நீயாவது நன்றாக இருக்க வேண்டும். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். பட்டறையில் விழுந்து கை முறிந்தது என்று போனில் சொன்னது பொய். பள்ளிக்கூட வாட்ச்மேனை அடித்தேன், அவன் தாடையும் என் விரலும் சேர்ந்தே உடைந்தன.

போன செவ்வாய் மதியம் பள்ளிக்குத் தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வராண்டா ஜன்னல் கம்பியில் ஸ்கிப்பிங் கயிற்றால் அவன் இரண்டு கையையும் கட்டிவைத்திருந்தார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம், கால்சட்டையெல்லாம் ஈரம், பேச்சு வராத பிள்ளை கத்திக் கத்தித் தொண்டையும் அடைத்துப்போய் வெறும் வாயைத் திறந்து திறந்து மூடினான். ஒரு பையனோட காதை இவன் கடிச்சுட்டான், பார்த்துக்க ஆளில்லை, வேற என்ன பண்றது என்றான் வாட்ச்மேன். அவன் முடிப்பதற்குள் என் கை அவன் தாடைக்குப் போய்விட்டது. விழுந்தவனை மிதித்தேன். தலைமையாசிரியர் மேசைக் கண்ணாடியை நாற்காலியால் அடித்து நொறுக்கினேன். முதலில் கட்டை அவிழ்த்திருக்க வேண்டும், பாவி, அந்தப் புத்தி வரவில்லை. என் கூச்சலில் மிரண்டு உன் தம்பி கம்பியிலேயே தலையை முட்டிக்கொண்டான், நெற்றியில் நாலு தையல். சாயங்காலம்வரை என்னை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள்.

அவனை அடக்கத் தெரிந்த துணை டீச்சரை இந்த வருஷம் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க, மாவுக்கட்டோடு கல்வி அலுவலகத்துக்குப் போனேன். வருஷத்தில் ஒரு நாள் வந்து, அன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் துணை தேவைப்படுபவர் எத்தனை என்று எண்ணுவார்களாம், அதை வைத்துத்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை டீச்சர் என்று அரசாங்கம் திட்டம் போடுமாம். அந்தப் பட்டியலில் நம் பள்ளியின் பெயருக்கு நேரே ஒருவரும் இல்லை என்று இருந்தது. ஒரு நாள் எண்ணி ஒரு வருஷத்தை ஓட்டுவீங்களா என்று மேசையை எட்டி உதைத்தேன். அங்கிருந்த அதிகாரி அம்மா அசையவில்லை, ஐயா, இது யார் எழுதினது பாருங்க என்று ஒரு தாளை நீட்டினார். போன வருஷக் கணக்கெடுப்பு நாளுக்கு, மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளி சேர்த்து அனுப்பியிருந்த லீவு லெட்டர். என் கையெழுத்து. ஆபீசருங்க முன்னாடி கத்துவான், அன்னைக்கு மட்டும் வீட்டுல வெச்சுக்குங்க என்று தலைமையாசிரியர் சொன்னதும், மானம் போகாமல் இருந்தால் சரி என்று நானும் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவன் டீச்சரை நானே துரத்திவிட்டு, யாரையோ போட்டு மிதித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போனேன், வாட்ச்மேன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான்.

வரும் புதன்கிழமை மறுபடியும் கணக்கெடுப்பு. இந்தத் தடவையும் ஒரு லீவு லெட்டர் கொடுத்தால் வாட்ச்மேன் கொடுத்த போலீஸ் புகாரை வாபஸ் வாங்க வைக்கிறேன் என்று தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நான் அவனுக்குத் தலை சீவி, முதல் பெஞ்சில் உட்காரவைக்கப் போகிறேன். கத்தட்டும், மேசையைத் தள்ளட்டும், அவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

நான் உள்ளே போனால் அம்மாவுக்குத் தினமும் போன் போடு. சனிக்கிழமை தம்பிக்குத் தையல் பிரிக்க வேண்டும், மறந்துவிடுவாள், ஞாபகப்படுத்து. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒரு குறையும் இல்லாமல் நல்லா இரு, தாயி.

இப்படிக்கு,
இந்த வருஷம் லீவு லெட்டர் எழுதாத
உன் அப்பா