சூப்புக்குப் பிறகு குடித்த எண்ணெய்

உயிரோடு லாகோஸ் போய்ச் சேர்ந்த என் கணவருக்கு,

மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தீர்கள். கசப்பிலைச் சூப்பும் கிழங்குக் களியும் வைத்தேன். விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டீர்கள். கை கழுவப் போனவரைக் காணவில்லை. உங்கள் தங்கை உசோமாதான் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

“அண்ணி, அண்ணன் அடுப்படியில நின்னு செம்பனை எண்ணெயை மடக்கு மடக்குன்னு குடிக்கிறாரு! விஷம் தின்ன ஆட்டுக்கு ஊத்துவோமே, அது மாதிரி!”

லாகோஸில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தும்போது வராத பயம், என் சூப்பைச் சாப்பிட்டதும் வந்துவிட்டதாக்கும்.

அட, புத்திகெட்ட மனிதரே! விஷம் வைக்க நினைத்திருந்தால் அதைச் சூப்பிலா வைப்பேன்? சாப்பிட்டதும் எதைத் தேடி ஓடுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

வயிறு எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
அந்த எண்ணெய் பாட்டிலை நிரப்பி வைத்தவள்