கியூ போட்ட வரிகள்

27.9.1994, செவ்வாய்

நூலகத்துக்கு இன்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்தார். ஒருவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். மூன்றாவது பொன்னுதாஸ். கையில் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டே படியேறினான். "குமாரி, படம் வருது! அஞ்சு படமாக்கும்!" தூங்கினவர் எழும்பிவிட்டார்.

மெக்சிகோ, பிரேசில், அப்புறம் மேற்கே உள்ள மலைநாடுகள். பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல், அந்த ஊர் ஆதிவாசிகளையே நடிக்கவைத்து எடுத்த படங்களாம். எங்கள் ஃபிலிம் சொசைட்டி தொடங்கிய நாலு வருஷத்தில் இப்படி ஒன்று வாய்த்ததில்லை. நவம்பரில் மூன்று நாள் விழா. பொன்னுதாஸ் செயலாளர், மற்றதெல்லாம் நான். ஐந்தாம் வகுப்பில் ஒரே வகுப்பறையில் இருந்த காலம் முதல் இப்படித்தான். அவன் எழும்பிப் பதில் சொல்வான், நான் இருந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பேன்.

5.10.1994, புதன்

எங்கள் புராட்டஸ்டன்ட் சபைப் பள்ளிக்கூட ஹாலைக் கேட்கப் போனோம். கமிட்டியில் ராஜையா வாத்தியார் எங்கள் நோட்டீஸை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, "லத்தீன்காரருக்க பெருநாளுக்கு நம்ம ஹாலு என்னத்துக்கு? அவியளுக்குக் கடப்புறத்துல பள்ளி இல்லியா?" என்றார்.

நோட்டீஸில் 'லத்தீன் அமெரிக்கத் திரைப்பட விழா' என்று போட்டிருந்தோம். தமிழும் மலையாளமும் கலந்த இந்த எல்லைப் பக்கத்தில் லத்தீன் என்றால் கடற்கரையிலுள்ள லத்தீன் கத்தோலிக்கர்தான், வேறே லத்தீன் கிடையாது. பொன்னுதாஸ் நூலகத்துக்கு ஓடி உலகப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து, மேசையில் விரித்துக் காட்டினான். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "இம்புட்டு தூரத்துலயும் லத்தீன்காரரு உண்டா?" என்றார். எப்படியோ ஹால் கிடைத்தது.

14.10.1994, வெள்ளி

மூன்றாம் நாள் போடுகிற மலைப்படத்தின் வசனத்தாள் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில், தட்டச்சு செய்தது. படத்தின் அடியில் எழுத்து ஓடாதாம், அதனால் நாம்தான் மைக்கில் வாசித்துச் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பு என் தலையில்.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எஸ் அல்லது கியூ என்று போட்டிருக்கிறது. கியூ என்றால் கேள்வி என்று எடுத்துக்கொண்டேன். ஜமீன்தார் பேசினால் எஸ், மலைக்காரர் பேசினால் கியூ. வாயைத் திறந்தால் கேள்விதான் இவர்களுக்கு, பாவம்.

20.10.1994, வியாழன்

எனக்கு மூளை இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். ஆறு நாளாக மலைக்காரர் சொல்வதற்கெல்லாம் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். "தண்ணி வத்திப் போச்சா?" "என் மகனைக் கொன்னுட்டாங்களா?" இன்று கடைசித் தாளின் கீழே பார்த்தால், எஸ் என்றால் ஸ்பானிஷ், கியூ என்றால் கெச்சுவா. மலை ஆதிவாசிகளின் பேச்சு. ஆபீஸ், போலீஸ், ஜமீன்தார் எல்லாம் ஸ்பானிஷ். வீட்டில், வயலில், அழுகையில் கெச்சுவா.

பொன்னுதாஸிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்துத் தீர்த்தோம். அப்போதுதான் சட்டென்று தோன்றியது. எஸ் எல்லாம் மலையாளம், இங்கே ஆபீஸும் போலீஸும் பேசுகிறது. கியூ எல்லாம் நம்ம தமிழ். மதுரைத் தமிழ் இல்லை, பத்திரிகைத் தமிழ் இல்லை. நம்ம வீட்டில் பேசுகிறது. இந்த ஹாலில் வந்து இருக்கிற ஒருத்தருக்கும் எது யார் பேச்சு என்று விளக்கவேண்டியதே இல்லை.

பொன்னுதாஸ் தாளை வாங்கி, கியூ வரிகளை மட்டும் ஒரு தடவை வாசித்தான். பிறகு, "எடி, இது நம்ம கதையாக்கும்," என்றான். கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன்.

30.10.1994, ஞாயிறு

இன்று ஒத்திகை. அவன் எஸ், நான் கியூ. மகன் செத்துக் கிடக்கிற இடத்தில் அந்தத் தாய் சொல்வது ஆங்கிலத்தில் 'என் குழந்தையே' என்று இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். நம்ம ஊரில் பிள்ளை பெற்ற ஒரு தள்ளை என்ன சொல்வாள்? "எழும்பு மக்கா. நேரம் வெளுத்தாச்சு மக்கா. எழும்பு." அவ்வளவுதான்.

பொன்னுதாஸின் அம்மா செல்லபாய் அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன். சினிமாக் கொட்டகைக்கே போகாதவள், வாறேன் என்றிருக்கிறாள்.

ஆனால் நான் இதை எழுதியது லேகாவுக்காக. இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது. என் வீட்டுக்காரர் பக்கம் மலையாளம், என் பக்கம் தமிழ். வீட்டுக்குள் என்னோடு தமிழில்தான் சண்டை போடுவாள். ரோட்டில் நான் தமிழில் கூப்பிட்டால், சத்தம் தாழ்த்தி மலையாளத்தில் பதில். மலையாள சினிமாவில் நம்ம பேச்சு வருவது பாண்டி என்று கேலிக்குத் தமிழன் வேஷம் கட்டினவன் வாயில்தான், ஆள் சிரிக்க. ஒரு தடவையாவது அது மைக்கில், நிறைந்த ஹாலில், சிரிப்பில்லாமல் அவள் காதில் விழவேண்டும்.

11.11.1994, வெள்ளி

விழா தொடங்கியது. காஞ்சிரங்குளம் பக்கமிருந்து நாலு பெண்கள் ஜெபமாலையோடு வந்திருந்தார்கள். பெருநாள் இல்லை, சினிமா என்று தெரிந்த பிறகும் எழும்பிப் போகவில்லை, மெக்சிகோப் படத்தை முழுசாகப் பார்த்தார்கள். மழை. கூட்டம் மோசமில்லை.

12.11.1994, சனி

நாளைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய விமர்சகர் வருகிறாராம். அங்கே ஒரு பெரிய விழாக் கமிட்டிக்கு ஆள் எடுக்கிறார்களாம். பொன்னுதாஸ் சட்டைக்குக் கஞ்சி போடக் கொடுத்திருக்கிறான். போடட்டும்.

13.11.1994, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

14.11.1994, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் பொன்னுதாஸ் வந்து, ஒரு மைக் ஈரத்தில் போய்விட்டது என்று மெஷின் ஓட்டுகிற எலியா சொன்னதாகச் சொன்னான். மீதி ஒரு மைக். பொன்னுதாஸ், "நானே ரெண்டும் வாசிக்கியேன். ரீல் மாறும்போ ஆளு வேணும், நீ மெஷின் பக்கத்துல நில்லு," என்றான். நான்தான் தாளின் நகலை ஒத்திகையன்றே அவன் கையில் கொடுத்திருந்தேன். என் கையால். எங்கே நிறுத்தவேண்டும் என்று பென்சிலால் கோடு கூடப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

கால் மணி நேரம் ஒழுங்காகப் போனது. முதல் 'மக்கா' வந்த இடத்தில் அவன் நாக்கு ஒன்று பிறழ்ந்தது. பின்னால் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அது அவன் தப்பில்லை, அதை நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அவன் திரும்பி அந்த விமர்சகரைப் பார்த்தான். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த 'மக்கா'வை இழுத்தான். "மக்காஆஆ…" மூக்கால். சினிமாப் பாண்டி பேசுகிற மாதிரி. ஹால் முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு பிடித்து நிறுத்த முடியவில்லை. ஜமீன்தாருக்குக் கம்பீரமான மலையாளம். மலைக்காரன் வாயைத் திறந்தால் கோமாளி. நான் எழுதாததையெல்லாம் இடையில் சேர்த்தான். மகன் செத்துக் கிடக்கிறான், தாய் மண்ணில் விழுந்து புரளுகிறாள், இவன் "எழும்பு மக்காஆஆ" என்கிறான். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

மைக் வயர் என் காலடியில்தான் கிடந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும். ஏன் இழுக்கவில்லை? ஆள் என்ன நினைக்கும் என்றா? தெரியவில்லை.

லேகா எங்கே என்று பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். கூட இருந்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

முடிந்தபிறகு சாயா குடிக்கும்போது விமர்சகர் அவன் தோளைத் தட்டி, அந்தத் தமிழ் பிரமாதம், எங்கே படித்தாய் என்று கேட்டார். பொன்னுதாஸ் சொன்னான்: "எனிக்கு தமிழ் அறிஞ்சூடா சார். இவிடத்தெ லைப்ரேரியிலெ ஒரு பெண்ணு எழுதித் தந்நதா." தமிழ் தெரியாதாம். பிறந்தது முதல் அம்மாவோடு வேறு மொழி பேசாதவன். அவன் அம்மா பத்தடி தள்ளி நிற்கிறாள். நான் லேகாவோடு ஐந்தடி தள்ளி நிற்கிறேன். ஒரு பெண்ணு!

செல்லபாய் அக்கா முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தாள். "சிரிப்புப் படமாக்கும்னு நீ சொல்லவே இல்லியே மக்கா. எம் பிள்ள நல்லா வாசிச்சான், இல்லியா?"

ஆமாம் அக்கா என்றேன்.

16.11.1994, புதன்

பொன்னுதாஸ் நூலகத்துக்கு வந்தான். நான் பதிவேட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எடி, ஆளு ரசிச்சுதில்லா. நேரா வாசிச்சிருந்தா பாதிக்கூட்டம் எழும்பிப் போயிருக்கும்."

"போயிருந்தா போட்டு."

"ஒரு சிரிப்புக்கா இந்த வெப்ராளமும் கோவமும்?"

"தமிழ் அறிஞ்சூடான்னு பறஞ்சியே, அதும் சிரிப்புக்கா?"

அவன் தோள்பையைத் திறந்தான். பிறகு அந்தத் தாளைத் திருப்பித் தந்தான். நான் பென்சிலால் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் எல்லாம் மையால் எழுதியிருந்தது, இங்கே இழு, இங்கே மூக்கு என்று. மை காய்ந்து பழசாகி இருந்தது. அவன் வாய் இரண்டாவது 'மக்கா'வில்தான் வழுக்கியது என்று இரண்டு நாளாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்படியல்ல. முன்னாலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அந்த மைக் நிஜமாகவே ஈரத்தில் போனதா?

கேட்கவில்லை. போ என்றேன். போனான்.

2.12.1994, வெள்ளி

எலியாவை உதியன்குளங்கரையில் பார்த்தேன். கேட்டுவிட்டேன். "மைக்கா? ஒண்ணு போதும்னு பொன்னுதாஸ் சாருதான் பறஞ்சாரு."

சரி.

9.1.1995, திங்கள்

அவன் பெயர் பேப்பரில் வந்திருக்கிறது, விழாக் கமிட்டியில். பேப்பரை அடுக்கில் வைத்தேன். தூங்குகிறவர் எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கட்டும் அவர்.

21.2.1995, செவ்வாய்

லேகா பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். பிள்ளைகள் அவளை 'மக்காஆஆ' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நவம்பரிலிருந்தே. என்னிடம் சொல்லவில்லை. சிரித்தால் விட்டுவிடுவார்கள் என்று கூடவே சிரித்துக்கொண்டிருந்தாளாம்.

அன்றைக்கு ஹாலில் சிரித்ததும் அதுதானோ? நான் ஒரு வாரம் அந்தக் குழந்தையிடம் முகம் கொடுத்து மிண்டவில்லையே.

அந்த எழுத்துத்தாளை அலமாரியின் அடியில் போட்டுவிட்டேன்.

29.5.1995, திங்கள்

லேகாவை எட்டாம் வகுப்பில் சேர்க்க நெய்யாற்றின்கரைக்குப் போனோம். புதிய பள்ளி, யாரும் தெரியாதவர்கள். வரிசை நீளம். பின்னால் ஒரு கூட்டம் பிள்ளைகள் நின்றார்கள், அவளோடு படிக்கப்போகிறவர்கள். கிளார்க் ஃபாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டே வந்து, தலையைத் தூக்காமல், தாய்மொழி என்ன என்று கேட்டார். லேகா என் முகத்தைப் பார்த்தாள்.

"மலையாளம்" என்றேன். அழுத்தமாகத்தான் சொன்னேன். "வீட்டில் வேறே ஏதாவது?" என்று கேட்டார். ஒன்றும் கிடையாது, எனக்கு வேறு மொழியே தெரியாது என்றேன். கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. அமரவிளைப் பாலம் தாண்டும்வரை லேகா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். பிறகு, அத்தனை பேர் இருக்கிற பஸ்ஸில், நல்ல சத்தமாக, தமிழில் கேட்டாள்.

"அம்மா, நீ இனி பொன்னுதாஸ் மாமன்ட்ட மிண்டுவியா?"

உதியன்குளங்கரை வந்தது. இறங்கினோம்.