நகத்துக்குள் ஏறிய சிலாம்பு

அன்பு மகளுக்கு,

உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், இதயத்துக்குள் கிருமி. நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கொஞ்ச நாளாகவே சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் இல்லை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு நம் கடைக் கல்லாவில் உட்கார்ந்துவிடுவாள். ஆளும் பாதியாகிவிட்டாள். நகத்துக்குள் கருஞ்சிவப்பாகச் சின்னக் கோடுகள், மரக்கடையில் யார் விரலில் சிலாம்பு இல்லை, நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியால் கிளறினேன், வரவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா கையைப் பிடித்ததுமே, இது மரம் இல்லைங்க, ரத்தக்கசிவு என்றார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, சமீபத்தில் பல் பிடுங்கினீங்களா என்றார். பிடுங்கியிருந்தாள். சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுக்கு வால்வு பழுதானது உனக்கும் தெரியும், அதைப் பல் டாக்டரிடம் சொன்னாயா என்றால், அவர் கேக்கல, நான் சொல்லல, சரக்கோட குறைய நாமளே எடுத்துச் சொல்வோமா என்கிறாள். சொல்லியிருந்தால் முன்கூட்டியே மருந்து கொடுத்திருப்பார்களாம். மூன்று தடவை ரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள், இவ்வளவு எடுத்தியே, ரசீது எங்கேம்மா என்று நர்ஸைக் கேட்கிறாள் உன் அம்மா. தொண்டை வழியாகக் குழாய் இறக்கி எடுத்த படத்தில், வால்வின் ஓரம் கரையான் மண் ஒட்டினாற்போல் ஒன்று ஆடுகிறது. அதில் ஒரு துண்டு உடைந்து தலைக்குப் போனால் கைகால் விழுந்துவிடும், ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏற்றணும், அப்படியும் வால்வு ஒழுகினால் நெஞ்சைத் திறக்கணும் என்றார் டாக்டரம்மா. இவளோ காய்ச்சல் விட்டதும் பையைக் கட்டிவிட்டாள், நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு ஊசி என்று. வெளியே வார்னிஷ், உள்ளே செல்லரிப்பு, இப்படி ஒரு கதவை நீ வாங்குவாயா என்று கேட்டேன். கட்டிய பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள், அப்புறம்தான் பேச்சுக்கு வந்தாள். உன்னிடம் இப்போது மூச்சு விடக் கூடாதாம். குறையை மறைத்தது போதும் என்று எழுதிவிட்டேன், நீ தெரியாதது போலவே இரு.

பேரனுக்கு முத்தம், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். எந்த டாக்டரிடம் போனாலும் பழைய நோயைக் கேட்பதற்கு முன்னே சொல்லிவிடு. நீங்கள் குறையில்லாமல் வாழணும். பாஸ்போர்ட்டை மேலாகவே எடுத்து வை, நாங்கள் பேசி முடித்தது இதுதான்: ஆறு வாரமும் ஒரு வேளை தவறாமல் மருந்து ஏற்றிக்கொள்வாள், நெஞ்சைத் திறப்பதாக இருந்தால் உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. அப்படி ஆனால் நீ வந்து சேர ஒரு நாள்தான் தர முடியும் என்றார் டாக்டரம்மா. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் சரி என்றேன்.

இப்படிக்கு,
அப்பா