துரையின் பெட்டிக்கு ஆணி

ஐப்பசி 12, செவ்வாய்

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொடுத்த பழைய கால்சட்டையிலேயே அவர் அடக்கத்துக்குப் போனேன். தங்காக் டவுனுக்குப் போய்த் துணி எடுக்க நேரமில்லை.

உலகச் சண்டையில் துரை நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர். கூட்டாளிகள் மூடிய இரும்புக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்தார்கள். தினமும் அவர்கள் பேரைச் சொல்வார். பங்களாக் கதவைச் சாத்தவே விடமாட்டார். "புலிக்கும் சேத்து ஆக்கவா, துரை?" என்று அவருக்குச் சமைக்கிற நான் சீண்டுவேன். சிரிப்பார். குழிவரைக்கும் பெட்டியை மூடாதே என்று என்னிடம்தான் சொல்லியிருந்தார்.

இன்று மழை. பங்களாவிலேயே ஆணி அடிக்க வந்தார்கள். தடுத்தேன்.

"செத்தவருக்கு மூச்சு முட்டுமா, குப்பு?" என்றார் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி.

"நம்ம ஆளுங்கள முகத்த மூடியா தூக்கிட்டுப் போறோம், ஐயா?"

அடித்துவிட்டார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவருக்காக இன்று என் லயத்து வீட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். நாய் வந்து கருவாட்டைத் தின்றுவிட்டது.